வாட்டர் சர்வீஸ் செட்டில் மின்பழுது

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "எல்லாரும் வருஷா வருஷம் ஹாஸ்டல் கதையே பேசுறாங்க. நீ உன் தொழிலைப் பத்தி நாலு பேருக்குப் பயன்படுற மாதிரிப் பேசு" என்றார். என் தொழில் மோட்டாரும் பம்பும். வளைகுடா நாட்டில் சில ஆண்டுகள் கார் கழுவும் இயந்திரங்களைப் பராமரித்தேன். ஊர் திரும்பிய பிறகு, தூத்துக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள வாட்டர் சர்வீஸ் செட்டுகளில் மின்பழுது பார்த்து வருகிறேன். ஆகவே அதைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். மின்னியல் படிக்காதவர்களும் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். உங்கள் வீட்டு மோட்டாருக்கும் இதில் பாதி பொருந்தும்.

"கார் கழுவுறதுல என்னய்யா பெரிய சங்கதி?" என்று சிலருக்குத் தோன்றலாம். வேறு ஊரில் அது பளபளப்புக்காக. நம் ஊரில் அது பிழைப்பு. உப்பளத்தில் உப்பு ஏற்றிய லாரியை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் சேஸிஸைத் துரு தின்றுவிடும். துறைமுகத்தில் நிலக்கரியும் உரமும் ஏற்றி இறக்குகிற டிப்பர்களின் கதையும் அதுதான். 1974-இல் நம் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது முதல் இந்த ஊர்ச் சாலைகளில் லாரிக்குக் குறைவில்லை. லாரிக்குக் குறைவில்லை என்றால் வாட்டர் சர்வீஸுக்கும் குறைவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உப்பு லாரியின் மேல் அடிக்கிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கலாம். லாரியில் பட்டுக் கீழே வழியும்போது அது உப்புத் தண்ணீர். கடல் நீர் குடிநீரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு ஒரு பையன் நிற்கிறான். பத்தடி தள்ளி 415 வோல்ட்டில் மோட்டார் ஓடுகிறது. நான் சொல்ல வருகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தக் காட்சிதான்.

செட்டில் என்னென்ன இருக்கிறது?

நம் ஊர் செட் ஒன்றில் வழக்கமாக 5 அல்லது 7.5 குதிரைத் திறன் மூன்று பேஸ் மோட்டார், அது இழுக்கும் பிளஞ்சர் பம்ப், அதிலிருந்து ஹோஸ், ஹோஸ் முனையில் கன். கூடவே ஓர் ஏர் கம்ப்ரஸர், வண்டியைத் தூக்கும் லிஃப்ட், உள்ளே தூசி இழுக்க வேக்வம். சுவரில் மெயின் ஸ்விட்ச், ஸ்டார்ட்டர், ஒரு சிறிய போர்டு. இவ்வளவுதான்.

வளைகுடாவில் நான் பார்த்தவை செல்ஃப் சர்வீஸ் வகை. வண்டிக்காரர் காசு போடுவார், தானே கன்னைப் பிடித்துக் கழுவுவார், நேரம் முடிந்தால் தானே நின்றுவிடும். கழுவுகிறவர் யாரோ எவரோ. குழந்தை கூட நாணயம் போடலாம். ஆகவே அந்த இயந்திரத்தை அமைத்தவர்கள் முதலிலேயே ஒரு முடிவு செய்திருந்தார்கள். மோட்டாரும் பம்பும் தனியறையில் பூட்டிக் கிடக்கும். கழுவுகிற இடத்துக்கு ஹோஸ் மட்டும் வரும். கை படுகிற பித்தான், காசுப் பெட்டி எல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வரும் 24 வோல்ட்டில் வேலை செய்யும். நனைந்த கை பட்டாலும் ஆபத்தில்லை.

அங்கே பழுது பார்க்கும் முறையும் ஒழுங்காக இருந்தது. காசு போட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் மூன்று கேள்வி. உத்தரவு பிறந்ததா? போய்ச் சேர்ந்ததா? வேலை நடந்ததா? காசுப் பெட்டியிலிருந்து கன்ட்ரோலருக்குத் துடிப்பு வந்ததா என்று பார்ப்பது முதல் கேள்வி. கன்ட்ரோலர் ரிலேயிலிருந்து கான்டாக்டர் காயிலுக்கு 24 வோல்ட் வந்ததா என்பது இரண்டாவது. கான்டாக்டர் இழுத்த பிறகு மோட்டார் முனையில் மூன்று பேஸும் இருக்கிறதா, சொலினாய்டு வால்வு திறந்ததா என்பது மூன்றாவது. நடுவில் ஓரிடத்தில் மீட்டர் வைத்தாலே பாதிப் பாதை சந்தேகத்திலிருந்து விலகிவிடும். மீதிப் பாதியின் நடுவில் மறுபடி வைக்க வேண்டும். நாலைந்து அளவில் பழுது பிடிபடும். எங்கெங்கோ கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. காசுப் பெட்டிக்குள் நீராவி படிந்து சென்சார் மங்கிப் போவதும், வால்வு காயில் அறுந்து போவதும் அடிக்கடி வந்தவை.

இந்த மூன்று கேள்வியை நம் ஊர் செட்டுக்கும் அப்படியே கொண்டுவரலாம். 24 வோல்ட் பாதுகாப்புத்தான் நம் செட்டுகளில் பெரும்பாலும் கிடையாது.

முதலில் கேள்வி, பிறகு திருப்புளி

பழுது என்று கூப்பிட்டால் நான் பெட்டியைத் திறப்பதற்கு முன் கேட்பவை இவை. எப்போது நின்றது, காலையிலா மதியமா? ஸ்விட்ச் போட்டவுடனா, பத்து நிமிடம் ஓடிய பிறகா? நேற்று மழை பெய்ததா? எனக்கு முன்னால் யார் கை வைத்தார்கள்? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் பாதிப் பழுது பார்த்த மாதிரி. கடைசிக் கேள்விக்குத்தான் பதில் சுலபமாக வராது. "யாரும் தொடலை அண்ணாச்சி" என்பார்கள். பெட்டியைத் திறந்தால் புது இன்சுலேஷன் டேப் பளபளவென்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

மூன்றில் ஒன்று போனால்

நம் செட்டுகளில் மோட்டார் எரிவதற்கு முதல் காரணம் ஒரு பேஸ் போய்விடுவது. மூன்று பேஸ் மோட்டாருக்கு ஒரு பேஸ் இல்லாமல் ஸ்டார்ட் கொடுத்தால் "ம்ம்ம்" என்று உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது. அது கூட நல்லதுதான், சத்தம் கேட்டு நிறுத்திவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால்தான் வினை. மோட்டார் நிற்காமல் ஓடும். மீதியிருக்கும் இரண்டு லைனிலும் கரண்ட் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடும். வேலை செய்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் வாடை வரும்.

இதில் டெஸ்டர் நம்மை ஏமாற்றும். ஓடுகிற மோட்டார், போன பேஸின் முனையில் தானே வோல்ட்டேஜ் உண்டாக்கும். டெஸ்டரை வைத்தால் மூன்றிலும் விளக்கு எரியும். "மூணு பேஸும் இருக்கே" என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. சரியான வழி, டாங் டெஸ்டரை ஒவ்வொரு லைனிலும் மாட்டிப் பார்ப்பது. 7.5 குதிரைத் திறன் மோட்டார் முழுப் பளுவில் சுமார் 11 ஆம்பியர் எடுக்கும். மூன்று லைனிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்க வேண்டும். ஒன்றில் பூஜ்யம், மற்ற இரண்டில் 18, 19 என்றால் உடனே நிறுத்துங்கள்.

பேஸ் எங்கே போனது? மின்வாரிய லைனிலேயே போயிருக்கலாம். ஆனால் நம் ஊரில் பலமுறை அது செட்டுக்குள்ளேயே போகிறது. ஃபியூஸ் கேரியரில் பச்சை பூத்த செம்பு, கான்டாக்டரில் கரிந்த முனை, லக்கில் துரு. உப்புக் காற்று முதலில் தின்பது இணைப்புகளைத்தான்.

எரிந்த மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பழைய காயிலை அறுப்பதற்கு முன் போய் ஒரு பார்வை பாருங்கள். ஸ்டார் இணைப்பு மோட்டாரில் இரண்டு பேஸ் காயில் கருகி, ஒன்று புதுசு போல இருந்தால், ஒரு பேஸ் போய் எரிந்தது. டெல்டா இணைப்பென்றால் ஒரு பேஸ் காயில் கருகி, மற்ற இரண்டும் பிழைத்திருக்கும். மூன்றும் சமமாகக் கருகியிருந்தால் அதிகப் பளு. ஸ்லாட்டின் ஓரிடத்தில் மட்டும் ஓட்டை விழுந்தாற்போல் எரிந்திருந்தால் ஈரமும் இன்சுலேஷனும். எரிந்த காயில் பொய் சொல்லாது. அதைப் படிக்காமல் புதுக் காயில் போட்டால், அதே காரணத்தால் அடுத்த மாதமும் எரியும்.

ரிலேயைக் கூட்டி வைப்பது

சில நேரம் மின்பழுதே இல்லாமல் ஸ்டார்ட்டர் தட்டும். பிளஞ்சர் பம்ப் தண்ணீரைத் தள்ளியே தீரும். கன்னை மூடினால் அந்தத் தண்ணீர் திரும்பிப் போக அன்லோடர் வால்வு வழிவிட வேண்டும். உப்பும் மணலும் அடைத்து அந்த வால்வு சிக்கிக்கொண்டால் அழுத்தம் ஏறும், மோட்டார் திணறும், கரண்ட் கூடும், ஓவர்லோடு ரிலே தட்டும். நாசில் அடைத்தாலும் இதே கதை.

இந்த நேரத்தில் நம்மவர்கள் செய்கிற வேலை, ரிலேயின் திருகை மேலே ஏற்றுவது. 11-இல் இருந்ததை 14 ஆக்கினால் தட்டாது. உண்மைதான். ஆனால் மோட்டாரைக் காக்க வைத்த காவல்காரனைத் தூங்கச் சொன்ன மாதிரி ஆகிவிடும். ரிலே மோட்டாரின் பெயர்ப் பலகையில் உள்ள ஆம்பியருக்கு வைக்கப்பட வேண்டும். தட்டினால் முதலில் கன்னைத் திறந்து ஒரு அளவு, மூடி ஒரு அளவு பாருங்கள். மூடியவுடன் கரண்ட் ஏறினால் வால்வைக் கழற்றுங்கள். திருப்புளி ரிலேக்குப் போக வேண்டாம்.

காலையில் வரும் பழுது

இது நம் கடற்கரைக்கே உரிய பழுது. காலை ஆறு மணிக்கு ஸ்விட்ச் போட்டால் ஈ.எல்.சி.பி. தட்டும். ஒன்பது மணிக்கும் தட்டும். பதினொன்றுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மதியம் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு "எல்லாம் சரியாத்தான இருக்கு" என்று போய்விடுவார். மறுநாள் காலை பழைய குருடி கதவைத் திறடி.

காரணம் உப்புக்குள்ளேயே இருக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். உப்பள வாய்க்காலில் மிஞ்சுகிற கைப்பு நீரில் உள்ள மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். அதற்கு 33 சதவீதமே போதும். டெர்மினல் பாக்ஸுக்குள்ளும் கேபிள் மேலும் படிந்த வெள்ளைப் பொடி இரவில் ஈரமாகி மின்சாரத்துக்குப் பாதை போடுகிறது. வெயில் ஏறினால் காய்ந்து பாதை மறைகிறது. மோட்டாரும் மூச்சு விடும் என்பதை நினைவில் வையுங்கள். ஓடிச் சூடாகும்போது உள்காற்று வெளியேறும். நிறுத்திக் குளிரும்போது வெளியிலுள்ள உப்புக் காற்றை உள்ளே இழுக்கும்.

ஆகவே இந்தப் பழுதைக் காலையில்தான் பார்க்க வேண்டும். நம் லேபில் கைப்பிடி சுற்றிய மெக்கர் நினைவிருக்கிறதா? அதுதான் இங்கே ஆயுதம். மெயினை நிறுத்தி, நின்றுவிட்டதை மீட்டரால் உறுதி செய்துகொண்டு, 500 வோல்ட் மெக்கரை வையுங்கள். முதலில் எல்லாம் சேர்த்து ஒரு அளவு. பிறகு மோட்டாரைக் கழற்றி மோட்டாருக்குத் தனியாக, கேபிளுக்குத் தனியாக, வேக்வத்துக்குத் தனியாக. 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டுகிறவன்தான் குற்றவாளி. தரைக்கடியில் பைப்பில் போன கேபிளில், யாரோ எப்போதோ போட்ட ஜாயின்ட் ஒன்று தண்ணீரில் ஊறிக் கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பரிகாரமும் எளிது. கேபிள் பெட்டிக்குக் கீழ்ப்பக்கமிருந்து ஏற வேண்டும், கிளாண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். மேலிருந்து இறங்கினால் கேபிளே தண்ணீருக்கு வழிகாட்டும். தரையில் ஜாயின்ட் கூடாது. போர்டு நீர் தெறிக்காத சுவரில், தலை உயரத்துக்கு மேல் இருக்கட்டும்.

மண்ணுக்குள் போன எர்த்

நம் ஊர் மண்ணில் உப்பு ஈரம் இருப்பதால் எர்த் சுலபமாகக் கிடைக்கும். மலைப்பாங்கான ஊர்க்காரர்கள் கரியும் உப்பும் கொட்டிப் பாடுபட்டுப் பெறுவதை நாம் சும்மா பெறுகிறோம். அந்த உப்பே எர்த் பைப்பைத் தின்றும் விடுகிறது. மேலே தெரிகிற கம்பி நன்றாக இருக்கும். ஓரடி கீழே தோண்டினால் ஜி.ஐ. பைப் அரித்துச் சல்லடையாகக் கிடக்கும்.

மல்டிமீட்டர் இதைக் காட்டாது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தால் 230 காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கிற கரண்ட் மிகச் சிறிது. எர்த் டெஸ்டர் வைத்து ஓம் அளக்க வேண்டும்.

சரி, எர்த் நன்றாகவே இருக்கிறது, 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் பாடியில் பேஸ் பட்டுவிட்டது. 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். மெயினில் இருப்பது 32 ஆம்பியர் எம்.சி.பி. அது அசையாது. பாடியில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். நனைந்த உடம்பின் தடை சுமார் 1,000 ஓம். அதைத் தொடுகிறவன் வழியாக 230 மில்லி ஆம்பியர் வரை போகலாம். இதயத்தின் துடிப்பைக் கலைக்க 50 மில்லி ஆம்பியர் அளவே போதும். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், மனிதனைக் காப்பாற்றாது. அதற்கு இருப்பது 30 மில்லி ஆம்பியரில் தட்டுகிற ஈ.எல்.சி.பி. நாம் பழக்கத்தில் அப்படிச் சொன்னாலும் இன்று கடையில் கிடைப்பது ஆர்.சி.சி.பி. வேலை அதுவே: போன கரண்ட் முழுவதும் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்க்கும். குறைந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுக்கும்.

கயிறு பிடிக்கிற கை

இந்த இடத்தில் ஒரு துயரமான செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஊர், பேர் வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிடவில்லை. மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த பையன் இரண்டு நாள் முன்பு காலையில் இறந்து போயிருந்தான். பத்தொன்பது வயது. கையில் கன்னோடு, வழுக்காமல் இருக்கப் பம்ப் நின்ற இரும்புச் சட்டத்தைப் பிடித்திருக்கிறான். மின் ஆய்வாளர் வந்து பார்த்துப் போன பிறகு, இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் உரிமையாளர் என்னை அழைத்தார்.

மோட்டாருக்குப் போகிற கேபிள் சட்டத்தில் உரசி உரசித் தோல் தேய்ந்திருந்தது. எர்த் கம்பி, போல்ட்டில் துருவோடு ஒட்டிக்கொண்டிருந்ததே தவிர இணைப்பு இல்லை. போர்டில் ஈ.எல்.சி.பி. இருந்தது. அதன் மேல் முனையையும் கீழ் முனையையும் நான்கு அங்குலக் கம்பித் துண்டுகள் சேர்த்துக்கொண்டிருந்தன.

உரிமையாளர் கெட்டவர் அல்லர். தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "தெனம் காலையில தட்டிட்டே இருந்துச்சு அண்ணாச்சி. வண்டி வரிசையா நிக்கி. பார்க்க வந்தவரு, இது சும்மா தட்டுது, நேரா குடுத்துருதேன்னு குடுத்துட்டுப் போயிட்டாரு. மூணு வாரமா ஒரு தொந்தரவும் இல்ல."

மூன்று வாரமாக அந்தக் கருவி பேசவில்லை, அவ்வளவுதான். முன்பு ஒவ்வொரு காலையும் அது தட்டியபோது, தேய்ந்த அந்தக் கேபிளைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் மெக்கர் வைத்துத் தேடியிருந்தால் கேபிளை மாற்றிய செலவோடு போயிருக்கும். அவன் அனுப்பிய சம்பளத்தில்தான் தங்கை படித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு அறிந்தேன்.

நம் கடலில் கடைசியாக முத்துக்குளித்தல் நடந்தது 1961-இல். அந்தக் காலத்தைப் பற்றி நம் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள். முத்துக் குளிக்க இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவன் மைத்துனனாக இருக்க வேண்டுமாம். தன் அக்காள் தங்கையின் தாலிக்காக அவன் கண் அசர மாட்டான் என்பது கணக்கு. கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் காரணம் கேட்க மாட்டான். "சும்மா அசைக்கிறான்" என்று நினைக்கவும் மாட்டான். உடனே இழுப்பான். மேலே வந்த பிறகுதான் என்ன ஏது என்று விசாரணை.

ஈ.எல்.சி.பி. அந்தக் கயிறு. தட்டினால் வேலையை நிறுத்து, பிறகு காரணம் தேடு. மின்பழுது பார்க்கிறவனுடைய முதல் கடமை இயந்திரத்தை ஓட வைப்பது அன்று. ஏன் நின்றது என்று தெரிந்துகொள்வது. காரணம் தெரியாமல் ஓட வைக்கத் தெரிந்தவன் நம் தொழிலில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்குகிறான். அந்தப் பெயர் நமக்கு வேண்டாம்.

ஈ.எல்.சி.பி. காரணமில்லாமல் தட்டுவதே இல்லையா என்று கேட்பீர்கள். தட்டும். அதற்குப் பின்னால் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்திருந்தாலும், ஒரு விளக்கின் நியூட்ரலை வேறு சர்க்யூட்டிலிருந்து எடுத்திருந்தாலும் தட்டும். அதுவும் வயரிங் தவறுதானே! தேடினால் கிடைத்துவிடும்.

ஒருவருக்கு மின்சாரம் தாக்கினால் ஓடிப் போய் அவரைப் பிடிக்காதீர்கள். மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையில் நின்று, காய்ந்த கட்டையால் விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்கி, 108-க்குச் சொல்லுங்கள்.

2023 டிசம்பர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்குள்ள யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. நம் நகரிலும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வீட்டு மோட்டார் முதல் செட் மோட்டார் வரை மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் ஸ்விட்ச் போட்டுப் பார்த்தவர்கள் மோட்டாரை இழந்தார்கள்.

மூழ்கிய மோட்டாரைக் காப்பாற்றலாம். முதலில் ஸ்விட்ச் போடாமல் இருக்க வேண்டும். கழற்றி, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். "ஏற்கெனவே நனைஞ்சதை மறுபடி நனைக்கவா?" என்று கேட்பார்கள். நல்ல தண்ணீர் காய்ந்து போகும், உப்பும் சேறும் காய்ந்து போகாது. காலை தோறும் ஈரம் இழுக்கும். அலசிய பிறகு வெயிலிலோ, மிதமான சூட்டிலோ நாள்கணக்கில் உலர்த்தி, மெக்கர் வைத்து, அளவு 1 மெகா ஓமைத் தாண்டி ஏறி நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பேரிங் மாற்றி, தேவையானால் வார்னிஷ் கொடுத்து, பிறகே ஓட்டலாம். ஆனால் மூழ்கிய எம்.சி.பி., ஈ.எல்.சி.பி., ரிலே இவற்றைத் துடைத்து மாட்டக் கூடாது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். வெளியே காய்ந்தாலும் உள்ளே ஸ்பிரிங்கில் சேறும் உப்பும் இருக்கும். தட்ட வேண்டிய நேரத்தில் தட்டாது.

நாம் செய்யக் கூடியது

நண்பர்களே, கடைசியாக மூன்று கோரிக்கைகள் வைத்து முடிக்கிறேன்.

ஒன்று, நம்மில் செட், பட்டறை, ஐஸ் கம்பெனி, லாட்ஜ் நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஈ.எல்.சி.பி.யில் 'டி' என்று எழுதிய ஒரு சின்னப் பித்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அன்றே மாற்றுங்கள். வீட்டிலும் செய்யுங்கள். இதற்கு மெக்கானிக் தேவையில்லை; ஒரு விரல் போதும்.

இரண்டு, நம் சங்கம் சார்பில் ஒரு மெக்கரும் ஓர் எர்த் டெஸ்டரும் வாங்கி வைப்போம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மதியம் அல்ல, காலை ஆறு மணிக்கு, நம் மின்னியல் மாணவர்கள் நான்கு பேரை அழைத்துக்கொண்டு இரண்டு செட்டுகளுக்குப் போய் இலவசமாக அளந்து, அளவை எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். பழுது பார்க்கிற கூலியை அந்தந்த ஊர் எலெக்ட்ரீஷியனே வாங்கிக்கொள்ளட்டும். அவர் பிழைப்பில் நாம் கை வைக்க வேண்டாம். மாணவர்களுக்கும் லேபில் கிடைக்காத பாடம் அங்கே கிடைக்கும். முதல் ஞாயிறுக்கு என் வண்டியைத் தருகிறேன்.

மூன்று, செட் வைத்திருப்பவர்கள் வேலை செய்கிற பையன்களுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் போட மாட்டார்கள், வழுக்குகிறது, வேர்க்கிறது என்பார்கள். போடச் சொல்லி வற்புறுத்துங்கள். எர்த்துக்கும் ஈ.எல்.சி.பி.க்கும் பூட்ஸ் மாற்று அல்ல. ஆனால் மூன்றும் சேர்ந்து இருக்கட்டும்.

மதிய உணவு தயாராகிவிட்டதாகச் செயலாளர் கண் காட்டுகிறார். முதல் ஞாயிறுக்கு வர விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் பெயர் கொடுங்கள்.